தோளில் விழுந்த கை

ஜூலை 4, 1966. திங்கள்

பாதி வருஷம் போன பிறகு எனக்கு ஒரு டைரி கிடைத்திருக்கிறது. தபாலாபீசில் யாரோ வேண்டாம் என்று விட்டுப் போனதை அப்பா கொண்டுவந்தார். ஜனவரியிலிருந்து ஜூன் வரை வெறும் வெள்ளைத்தாள். அந்த ஆறு மாதமும் நான் வடலிக்குளம் கான்வென்ட் பள்ளி பாஸ்கட்பால் டீமில் ஏழாம் நம்பர். அப்போது எழுத டைரி இல்லை. டைரி வந்த நாளில் டீம் இல்லை. என் ராசி அப்படி.

டிரில் டீச்சர் பாக்கியவதி இன்று சாயங்காலம் எல்லோரையும் சுவரோடு ஒட்டி நிறுத்தி உயரம் பார்த்தார். என் தலையில் வைத்த ஸ்கேலை உடனே எடுக்கவில்லை. கொஞ்சம் காத்திருந்தால் வளர்ந்துவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு சொன்னார்:

"அமலி, ஒனக்கு மூச்சு இருக்கு, ஒயரம் இல்லம்மா. பேண்டுல பியூகிள் ஊதுத பிள்ளை பெயிலாகி நின்னுட்டா. நீ சிஸ்டர் தெக்ளாகிட்ட போ."

என் இடம் யாருக்கு என்று கேட்டேன். பதினோராம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பேச்சியம்மாளுக்காம். போர்டிங் பெண், முப்பது மைல் தள்ளி உப்பளத்து ஊர். எம்பினால் கை வலையில் படுகிறது.

எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றது வயிறு சரியில்லாததால்தான்.

ஜூலை 7. வியாழன்

வகுப்பிலும் அவளை என் பெஞ்சிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். அவள் பாதம் முழுக்க வெடிப்பு, உப்பில் நின்று நின்று வந்ததாம். அல்ஜீப்ரா கணக்கை என் நோட்டைப் பார்த்து எழுதினாள். எழுதி முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்:

"ஏட்டி, ஒன் எடத்துலதான் என்னயப் போட்டுருக்காவளா?"

"ஆமா."

"கோவமா?"

"இல்ல."

"நானா இருந்தா கோவப்படுவேன்பா" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது. ஒருத்தியிடம் சிரித்துவிட்ட பிறகு அவளை வெறுப்பது கஷ்டமான வேலை.

ஜூலை 22. வெள்ளி

பியூகிளில் வருவது மொத்தம் ஐந்தே சுரம். அந்த ஐந்தும் உதட்டில்தான் இருக்கிறது, குழலில் இல்லை என்கிறார் சிஸ்டர் தெக்ளா. மூன்று வாரமாக என் உதடு வீங்கிக் கிடக்கிறது. அம்மா தேங்காயெண்ணெய் தடவச் சொன்னாள். தடவினால் ஊதும்போது வழுக்குகிறது.

சிஸ்டர் நல்லவர். ஐம்பது வயது தாண்டியிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் கைகள் லேசாக நடுங்கும். நடுங்குவதைப் பிள்ளைகள் பார்த்தால் கையை அங்கிக்குள் மறைத்துக்கொள்வார். ஆனால் ஆர்மோனியத்தில் வைத்தால் நடுக்கம் நின்றுவிடுகிறது.

பேண்டு அறை ஜன்னலிலிருந்து பாஸ்கட்பால் மைதானம் நன்றாகத் தெரிகிறது. இதை யார் திட்டமிட்டுக் கட்டினார்களோ, தெரியவில்லை.

ஆகஸ்ட் 6. சனி

இன்று முதல் மேட்ச். எனக்கும் முதல் மேட்ச்தான்.

பெரிய ஊர்களில் ஆட்டம் முடிந்தால் சங்கு அலறுமாம். எங்கள் பள்ளியில் சங்கு இல்லை. மணி அடிக்கலாம் என்றால் அது கோயில் மணியோடு குழம்பி, டீச்சர்கள் எழுந்து ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு வருஷம் அப்படித்தான் ஆகியிருக்கிறது. அதனால் எங்கள் மைதானத்தில் ஆட்டம் முடிவது பியூகிளில். பக்கத்து ஊர்ப் பள்ளிகள் எல்லாம் இதை ஒப்புக்கொண்டிருக்கின்றன.

முறை இதுதான். மேசைக்குப் பின்னால் சிஸ்டர் தெக்ளா ஸ்டாப் வாட்சை வலது கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். அவருடைய கண் வாட்சை விட்டு நகராது. நான் அவருக்கு முன்னால் பியூகிளை உதட்டில் வைத்தபடி நிற்பேன். அவருடைய இடது கை என் தோளுக்கு மேலே அரை அங்குலத்தில் நிற்கும். நேரம் முடிந்ததும் அந்தக் கை என் தோளில் விழும். நான் ஊதுவேன். பியூகிள் சத்தத்துக்கு முன்னால் பந்து கையை விட்டிருந்தால் அந்தக் கூடை சேர்த்தி. பின்னால் என்றால் இல்லை. வாட்ச் என்ன சொன்னது என்று ரெஃபரி கேட்கமாட்டார். சத்தம்தான் கணக்கு.

பேச்சி பத்துப் பாயிண்ட் போட்டாள். ஏழாம் நம்பர் சட்டை அவளுக்கு இடுப்பு வரைக்கும்கூட வரவில்லை. ஜெயித்தோம்.

ஆகஸ்ட் 15. திங்கள்

கொடியேற்றத்துக்கு ஊதினேன். நடுவில் ஒரு சுரம் உடைந்தது. யாரும் கவனிக்கவில்லை. பேச்சி மட்டும் கவனித்திருக்கிறாள், "மூணாவது எடத்துல என்னட்டி இருமல்?" என்று கேட்டாள். மிட்டாய் ஆளுக்கு ஒன்று. அவளுடையதையும் எனக்கே தந்துவிட்டாள், இனிப்பு பிடிக்காதாம்.

செப்டம்பர் 3. சனி

பாவசங்கீர்த்தனம். சாமியாரிடம் போய்ப் பாவங்களைச் சொன்னேன்: ஜெபத்தில் பராக்கு ஐந்து, அம்மாவை எதிர்த்துப் பேசியது மூன்று, பொய் இரண்டு. சாமியார் வழக்கம்போலப் பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். பொறாமை உண்டா என்று அவர் கேட்கவில்லை. கேட்காததை நான் ஏன் சொல்ல வேண்டும்?

செப்டம்பர் 23. வெள்ளி

ரேஷன் கடையில் இரண்டு மணி நேரம் நின்றேன். அரிசி தீர்ந்துவிட்டது என்று கோதுமை ரவையைக் கையில் கொடுத்தான். அம்மா அதைப் பார்த்து, "இத வச்சு செவுத்துக்குத்தான் பூசணும்" என்றாள். பிறகு அதையே உப்புமா கிண்டினாள்.

எங்கள் வீட்டில் இப்படி என்றால் நூற்றிருபது பேர் சாப்பிடும் போர்டிங்கில் எப்படி இருக்கும்? இன்று பிரேயர் முடிந்ததும் கான்வென்ட் தலைவி மதர் அறிவித்துவிட்டார். அரைப்பரீட்சை முடிந்தவுடன் இலவசமாகத் தங்கியிருக்கும் பிள்ளைகள் இருபது பேர் வீட்டுக்குப் போக வேண்டும். அரிசி இல்லை, வேறு வழியும் இல்லை. ஆனால் பாஸ்கட்பால் டீம் நவம்பரில் வட்டாரப் போட்டியில் ஜெயித்து, ஜனவரியில் சென்னைக்குப் போவதாக இருந்தால் டீமில் ஆடுகிற பிள்ளைகளை மட்டும் மார்ச் வரை வைத்துக்கொள்வார்களாம்.

மத்தியானம் பேச்சி தட்டை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்தாள். தட்டில் மஞ்சளாக மக்காச்சோளக் கூழ்.

"இருவது பேர்ல நானும் உண்டு, அமலி" என்றாள்.

"வீட்டுல இருந்து படிச்சு எஸ்.எஸ்.எல்.சி. எழுதக் கூடாதா?"

"எங்க ஊருக்கு பஸ்ஸே கெடையாது. போனா தையில உப்புப் பாத்தி மிதிக்க எறக்கிருவாவ. அம்மாவுக்கு இப்பமே கால் புண்ணு. நான் அங்க நின்னேன்னா என்னய மறுபடி யாரு வெளிய விடுவா?"

கூழைக் குடித்துவிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள், "ஜெயிச்சா பரீட்சை. தோத்தா உப்பு. அம்புட்டுத்தான்."

எனக்கு அழுகை வந்தது. நிஜமாகவே வந்தது. நான் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை.

அக்டோபர் 8. சனி

இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை. ஆனால் எங்காவது எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

இன்று ஆட்டத்தில் ஒரு பாயிண்ட் குறைவாக இருந்தோம். கடைசி நேரம். பேச்சி பந்தோடு திரும்பினாள், அவள் முன்னால் இரண்டு பேர். அப்போது சிஸ்டரின் கை என் தோளில் விழுந்தது. தெளிவாக விழுந்தது. நான் ஊதவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வினாடிதான் இருக்கும், அல்லது அதைவிடக் குறைவு. பேச்சி எறிந்தாள். பந்து அவள் கையை விட்ட பிறகு ஊதினேன். கூடை விழுந்தது. ஜெயித்தோம். அரையிறுதிக்கு வந்துவிட்டோம்.

சிஸ்டர் வாட்சை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கியபோது எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். அவருக்கு ஒன்றும் தெரியாது. டிரில் டீச்சர் பேச்சியைக் கட்டிக்கொண்டார். மதர் கைதட்டினார். மதர் கைதட்டி நான் பார்த்ததே இல்லை.

விசில் ரெஃபரியிடம் இருக்கிறது, வாட்ச் சிஸ்டரிடம் இருக்கிறது. ஆனால் நேரம் என் வாயில் இருக்கிறது. வீட்டுக்கு வரும்வரை எனக்குக் கால் தரையில் படவில்லை.

அக்டோபர் 10. திங்கள்

பேச்சியிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. பள்ளிக்கூடமே அவளைத் தூக்கிவைத்து ஆடியது, பிரேயரில் அவள் பெயரைச் சொன்னார்கள், என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "அந்தக் கூடை நான் ஒனக்குக் குடுத்தது" என்றேன். எப்படி என்றும் சொன்னேன்.

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முகம் கறுத்துவிட்டது.

"ஏன் அப்படிச் செஞ்ச?"

"ஒனக்காகத்தான்."

"நான் கேட்டனா? நான் போட்ட கூடைன்னு ரெண்டு நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன். அதுவும் இப்பம் எனக்கு இல்லாமப் போச்சு."

"தோத்துருந்தா போர்டிங்ல இருந்து போயிருப்ப."

"போயிருப்பேன். அது என் பாடு. நீ யாரு எனக்கு அளந்து ஊத்த?" பிறகு என் கையைப் பிடித்து வேதாகமத்தின் மேல் வைத்தாள். அவள் வேதக்காரிகூட இல்லை. "சத்தியம் பண்ணு. கை விழுந்தா ஊது. முந்தியும் வேண்டாம், பிந்தியும் வேண்டாம்."

பண்ணினேன். பண்ணிவிட்டு பேண்டு அறைக்குப் போய் பியூகிளுக்கு பிராசோ போட்டுத் தேய்த்தேன், ஏற்கெனவே பளபளப்பாக இருந்த இடத்தையே தேய்த்தேன்.

ஒருத்திக்கு உயிரைக் கொடுத்து உதவி செய்தால் காலால் தள்ளிவிடுகிறாள். அவ்வளவு ரோஷம் இருக்கிறவள் என் அல்ஜீப்ரா நோட்டை மட்டும் ஏன் பார்த்து எழுத வேண்டும்?

அக்டோபர் 19. புதன்

பேச்சி என்னிடம் எப்போதும்போலப் பேசுகிறாள். எனக்குத்தான் பேச வரவில்லை. அல்ஜீப்ரா நோட்டை இப்போதெல்லாம் கையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன். வேண்டுமென்று இல்லை, கை அப்படிப் போகிறது.

நவம்பர் 3. வியாழன்

மழை. மைதானத்தில் தண்ணீர். பிராக்டிஸ் இல்லை. அரையிறுதி ஆட வேண்டிய பள்ளி பஸ் வராததால் வரவில்லை, நாங்கள் ஆடாமலே இறுதிக்கு வந்துவிட்டோம்.

நவம்பர் 17. வியாழன்

நாளை மறுநாள் இறுதி ஆட்டம், எங்கள் மைதானத்தில். துறைமுகத்துப் பள்ளி வருகிறது. ரெஃபரி வெளியூர்க்காரர். பியூகிள் முறையை அவருக்கு விளக்கிச் சொன்னார்கள். "யாரு ஊதுறது?" என்று கேட்டாராம். சிஸ்டர் தெக்ளாவின் கையை நம்பலாம், ஊதுகிற பிள்ளை கோயில் உபதேசியார் வீட்டுப் பேத்தி, அதையும் நம்பலாம் என்று மதர் சொன்னாராம்.

சாயங்காலம் அம்மா முறுக்கு சுட்டுப் பேச்சிக்கு என்று தனியாகப் பொட்டலம் கட்டினாள். "பாவம், தாயப் பிரிஞ்சு வந்து ஆடுது. என்னமா உழைக்கி பாரு அந்தப் பிள்ள. ஒன்னால ஆகாதுட்டி, அமலி" என்றாள். என் அம்மா. என்னைப் பெற்ற அம்மா.

பொட்டலத்தைக் கொடுத்தேன். ஒரு முறுக்கு நொறுங்கியிருந்தது. வழியில் நொறுங்கியிருக்கும்.

நவம்பர் 19. சனி

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் மழை விட்டிருந்தது. மைதானத்தில் மணல் கொட்டிப் பரப்பினார்கள். பேண்டோடு டீமை உள்ளே அழைத்துவந்தோம். ஊர் முழுக்க வந்திருந்தது. இதுவரை பெண்பிள்ளைகள் முழங்கால் தெரிய ஆடுவதா என்று கேட்டவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். "ஏழு! ஏழு!" என்று கத்தினார்கள். போன வருஷம் அந்தச் சட்டைக்குள் நான் இருந்தபோது யாரும் அப்படிக் கத்தவில்லை.

இரண்டாம் பாதியில் தூறல் ஆரம்பித்தது. சிஸ்டர் வாட்ச் கண்ணாடி நனையாமல் கையால் மூடி மூடிப் பார்த்தார். இருபத்தொன்றுக்கு இருபது, அவர்கள்தான் மேலே. கடைசி நேரத்தில் பந்து பேச்சி கைக்கு வந்தது. எங்கள் மேசைக்கு நேரே, மேசைப் பக்கத்துக் கூடையைப் பார்த்து நின்றாள். அவளுக்கு முன்னால் யாருமே இல்லை.

கை விழுந்தது. ஊதினேன்.

பந்து அதற்குப் பிறகுதான் அவள் கையை விட்டது. கூடைக்குள்ளும் விழுந்தது, வலையைத் தவிர எதிலும் படாமல். ரெஃபரி இரண்டு கையையும் குறுக்கே ஆட்டி, இல்லை என்று காட்டினார்.

சத்தியம் செய்தபடிதான் செய்தேன். முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை. அவள் கேட்டது அதுதான்.

நவம்பர் 20. ஞாயிறு

பூசைக்குப் போனேன். துணி துவைத்தேன். வேறொன்றும் இல்லை.

நவம்பர் 22. செவ்வாய்

சிஸ்டர் தெக்ளா மதரிடம் போய், தவறு தன்னுடையதாக இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். வாட்சில் இன்னும் மூன்று வினாடி இருந்ததுபோல அவருக்கு ஞாபகமாம். தூறலில் கண்ணாடி சரியாகத் தெரியவில்லை, கை நடுங்கி முன்கூட்டியே தட்டிவிட்டேனோ என்னவோ என்றாராம். துறைமுகத்துப் பள்ளிக்குக் கடிதம் எழுதிக் கேட்கலாமா என்று டிரில் டீச்சர் கேட்டதற்கு மதர், "என்னன்னு எழுதுறது? எங்க சிஸ்டர் கை நடுங்குதுன்னா?" என்று கேட்டிருக்கிறார்.

வாட்சை சிஸ்டரிடமிருந்து வாங்கிவிட்டார்கள். இனி அவர் பேண்டு மட்டும்தான்.

என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நீ என்ன செய்வாய், தட்டினால் ஊதுகிறவள்தானே என்று டிரில் டீச்சர் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

நவம்பர் 26. சனி

பாவசங்கீர்த்தனம். ஜெபத்தில் பராக்கு நான்கு, கோபம் இரண்டு, முறுக்கை வேண்டுமென்று நொறுக்கியது ஒன்று. சாமியார் சிரித்துவிட்டார். "வேற ஒண்ணும் இல்லையாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

மூன்று அருள்நிறை மந்திரத்துக்குப் பதிலாக முப்பது சொன்னேன். எதற்கு என்று தெரியவில்லை.

டிசம்பர் 5. திங்கள்

அரைப்பரீட்சை. பேச்சி எழுதுகிறாள். வீட்டுக்கு அனுப்பப்போகிற பிள்ளை எதற்கு இவ்வளவு படிக்கிறாள் என்று தெரியவில்லை. வரலாற்றுப் பரீட்சையில் கூடுதல் தாள் வாங்கினாள். பக்கத்தில் நான் சீக்கிரம் முடித்துவிட்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து பிடித்துப் பிடித்து விரல் நுனியெல்லாம் காய்த்திருக்கிறது.

டிசம்பர் 12. திங்கள்

சிஸ்டருக்கு ஆர்மோனியத்திலும் கை நடுங்க ஆரம்பித்திருக்கிறது. கிறிஸ்மஸ் பாட்டுக்குப் பயிற்சி நடக்கும்போது இரண்டு இடத்தில் தப்பான கட்டையில் விழுந்தது. பிள்ளைகள் குனிந்து சிரித்தார்கள். நான் திரும்பி முறைத்தேன். முறைக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

டிசம்பர் 21. புதன்

பேச்சி போய்விட்டாள்.

டிரங்குப் பெட்டியை ஒருபக்கம் அவளும் மறுபக்கம் நானும் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனோம். அவள் கூப்பிடவில்லை, நானாகத்தான் போய்ப் பிடித்தேன். பெட்டியில் கனமே இல்லை. அவளுடைய அப்பா முன்னால் போய்க்கொண்டிருந்தார். காலை அகட்டி வைத்து நடந்தார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏதாவது பேச வேண்டும் என்று, "மார்ச்சுல வந்து பரீட்சை மட்டும் எழுதிட்டுப் போயேன், எங்க வீட்டுல தங்கலாம்" என்றேன்.

"பணம் கட்டியாச்சு. நம்பர் வரும். ஆளு வராது" என்றாள்.

பஸ் வந்தது. பாதி வழிக்கு பஸ், மீதி நடை. அவளுடைய அப்பா பெட்டியை மேலே ஏற்றப் போனார். பேச்சி படியில் கால் வைத்துவிட்டு, திரும்பி, மெதுவாகச் சொன்னாள்:

"அன்னைக்கு நான் மேசையப் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன், அமலி. சிஸ்டர் ரெண்டு கையாலயும் வாட்சப் பிடிச்சுக்கிட்டு இருந்தாவ."

நான் பஸ் படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"யார்ட்டயும் சொல்லல. சொன்னாக்கூட ஆட்டத்த மறுபடி வைக்கப்போறாவளா? ஒன்னய வேற வெளிய அனுப்புவாவ. ஒரு ஆளு போறது போதும்."

"பேச்சி..."

"நீ கணக்கு நோட்ட மறைச்சப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

பஸ் போன பிறகும் அங்கேயே நின்றேன். இதற்கு மேல் இன்று எழுத முடியாது.

டிசம்பர் 25. ஞாயிறு

கொடிமரத்துக்குக் கீழே நின்று ஊதினேன். ஒரு சுரம்கூட உடையவில்லை. எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள்.

டிசம்பர் 30. வெள்ளி

விடுமுறையிலும் சிஸ்டர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். பேண்டு அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஆர்மோனியம் மூடியிருந்தது. கைகளை அங்கிக்குள் வைத்திருந்தார்.

"உட்காரு, அமலோற்பவம்." என்னை முழுப் பெயரும் சொல்லிக் கூப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான். "ஒண்ணு கேக்கணும். ஒரு மாசமா எனக்குத் தூக்கம் இல்லம்மா. அந்தப் பிள்ளை படிப்பு என்னால கெட்டுப்போச்சோன்னு ஒரே நெனப்பு. நான் எத்தனை தடவை யோசிச்சுப் பாத்தாலும் தட்டினதா ஞாபகம் இல்ல. ஆனா வயசாயிருச்சு, ஞாபகத்த நம்ப முடியல. ஒன் தோள்தானே, ஒனக்குத்தான் தெரியும். அன்னைக்கு நான் தட்டினேனா?"

ஜன்னலுக்கு வெளியே மைதானம் காலியாக இருந்தது. வலையை அவிழ்த்து எடுத்துவிட்டார்கள். வெறும் வளையம் மட்டும் இருந்தது.

இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. நிஜமாகவே வாயைத் திறந்தேன். சிஸ்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் அவர் என்னை என்னவென்று நினைப்பார்?

"தட்டினீங்க, சிஸ்டர்" என்றேன்.

"சரி" என்றார். பிறகு, "தெரிஞ்சுக்கிட்டது நல்லதாப் போச்சு. ஒன்னயக்கூட ஒரு நாள் மனசுல சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சுக்கோம்மா" என்றார்.

கையை வெளியே எடுத்து என் தலையில் வைத்தார். அந்தக் கை நடுங்கியது. என் தலையும் சேர்ந்து நடுங்கியதா என்று தெரியவில்லை.

டிசம்பர் 31. சனி

வருஷக் கடைசி என்பதால் பாவசங்கீர்த்தனத்துக்குப் பெரிய வரிசை. எனக்கு முன்னால் நான்கு பேர் இருக்கும்போது வரிசையை விட்டு வந்துவிட்டேன்.

இந்த டைரியில் கடைசிப் பக்கம் இது. இதிலும் பொய் எழுதினால் பிறகு எழுத இடம் இல்லை.

கை விழவில்லை.

சிஸ்டர் இரண்டு கையாலும் வாட்சைப் பிடித்துத் தூறலுக்கு மறைத்துக்கொண்டிருந்தார். நேரம் இருந்தது. பந்து பேச்சியிடம் இருந்தது. அது விழும் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்திலிருந்து அவள் ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. விழக் கூடாது என்று நினைத்தேன், ஊதினேன். அந்த நேரத்தில் அரிசியும் பரீட்சையும் உப்பளமும் என் நினைவிலேயே இல்லை.

அதுவும் பொய். எல்லாம் நினைவில் இருந்தது. அவளுடைய அம்மாவின் கால் புண் உட்பட.

ஒரு தடவை நான் கொடுத்தபோது வேண்டாம் என்றாள். கொடுக்க முடிந்தவளுக்கு எடுக்கவும் முடியும் என்று அவளுக்குக் காட்ட நினைத்தேன். ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான் எடுக்க நினைத்தேன். ஆனால் அவளிடம் இருந்ததே அந்த ஒரு ஆட்டம்தான்.

பேச்சியின் ஊருக்கு பஸ் இல்லை. ஆனால் சிஸ்டர் தெக்ளா இங்கேதான், கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். வாயால் சொல்ல எனக்கு வராது, அது நேற்றே தெரிந்துவிட்டது. பள்ளி திறக்கும் அன்று இந்த டைரியை அப்படியே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிடுவேன். முதலிலிருந்து படிக்கட்டும். படித்தால் அந்தக் கை நடுங்காமல் நிற்கலாம்.

இதைச் சத்தியமாக எழுதுகிறேன்.

"ஞாபகக் குறிப்புகள்" பக்கம். ஜனவரி 2, 1967. திங்கள்

பள்ளி திறந்தது. டைரியைப் பையில் வைத்துக் கொண்டுபோனேன். பேண்டு அறை வாசல்வரை போனேன். உள்ளே சிஸ்டர் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு டிரம் குச்சி பிடிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். குச்சி அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. அந்தப் பெண் எடுத்துக் கொடுத்தாள். மறுபடி விழுந்தது.

என்னைப் பார்த்ததும், "வாம்மா, என்ன?" என்றார்.

பியூகிளுக்கு பிராசோ வேண்டும் என்று கேட்டேன். கொடுத்தார்.

டைரி என்னிடம்தான் இருக்கிறது.